நிறையச் சாப்பிட்டால் நிறைய எரியுமா? ஆற்றல் வளர்சிதை மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்வேதியியல் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு மனப்பாடமாகிவிட்ட ஒரு வரி உண்டு: "செல்லுக்குக் குளுக்கோஸ் நிறையக் கிடைத்தால் ஏடிபி நிறைய உருவாகும்." ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு. படித்தால் அந்த வரி சரியாகத்தான் தோன்றும். விறகு கூடினால் நெருப்பு கூடும், அவ்வளவுதானே? கிளைக்காலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி, எலெக்ட்ரான் கடத்துச் சங்கிலி என்று குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் எல்லாப் படிகளையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பாதை தெரிகிறது, போக்குவரத்தை எது கட்டுப்படுத்துகிறது என்பது தெரிவதில்லை. இந்தப் பாடத்தில் வருகிற குழப்பங்களில் பாதிக்கு மேல் மனதில் இருக்கும் அந்த விறகடுப்பிலிருந்து கிளம்புபவை என்பது என் எண்ணம். அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னச் சிக்கல். அடினோசின் ட்ரைபாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட் இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் 'ஏடிபி' என்றே வந்து நிற்கும். இங்கே ஏடிபி என்றால் மூன்று பாஸ்பேட் உள்ளது மட்டும். இரண்டு உள்ளதை டைபாஸ்பேட் என்றும், ஒன்று உள்ளதை ஏஎம்பி என்றும் சொல்கிறேன்.

விறகு இருந்தால் போதாது

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நடப்பது இதுதான். உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் சவ்வில் பதிந்த புரதங்களில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவதைப் போல அவை அங்கே தேங்குகின்றன. திரும்பி வருவதற்கு முக்கியமான வழி ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. புரோட்டான் அதன் வழியே இறங்கும்போது நொதியின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் டைபாஸ்பேட்டுடன் இன்னொரு பாஸ்பேட் சேர்ந்து ஏடிபி ஆகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்தப் புரோட்டான் யோசனையைச் சொன்னபோது துறையில் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

சரி, இப்போது செல்லுக்கு அவ்வளவாக வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிபி செலவாகவில்லை. செலவாகாவிட்டால் டைபாஸ்பேட் எங்கிருந்து வரும்? அது வராவிட்டால் சிந்தேஸ் எதைக் கொண்டு வேலை செய்யும்? அது நின்றால் புரோட்டான் இறங்காது, அணை நிரம்பிவிடும். நிரம்பிய அணைக்குள் மேலும் தள்ள முடியாமல் எலெக்ட்ரான் ஓட்டமும் தேங்கும், ஆக்சிஜன் செலவும் குறையும். பக்கத்தில் குளுக்கோஸும் கொழுப்பும் ஆக்சிஜனும் குவிந்து கிடந்தாலும் இதுதான் நிலை. 1955-இல் பிரிட்டன் சான்ஸ், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். டைபாஸ்பேட்டைச் சேர்த்த உடனே ஆக்சிஜன் செலவு தாவியது. அது தீர்ந்ததும் பழையபடி தணிந்தது.

ஆக, வேகத்தை முதலில் தீர்மானிப்பது வரவல்ல, செலவு. சங்கிலியைப் பின்னாலிருந்து உணவு தள்ளுவதைவிட, முன்னாலிருந்து வேலை இழுப்பதே அதிகம். 'முதலில்' என்று நான் கவனமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டைபாஸ்பேட் மட்டும்தான் எல்லாம் என்று நினைத்துவிட்டால் அது அடுத்த தவறு. தசை சுருங்கும்போது வெளிவரும் கால்சியம், சுருக்கத்தைத் தொடங்கிவைப்பதோடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் போய்ச் சில நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. வேலைக்கான கட்டளையும் எரிபொருளுக்கான கட்டளையும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. ஏடிபி குறையும் வரை உடல் காத்திருப்பதில்லை.

விறகடுப்பு நிஜமாகவே உடலுக்குள் மூண்டால் எப்படியிருக்கும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1930-களில் டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளை எடை குறைக்கும் மருந்தாக விற்றார்கள். அது புரோட்டானைச் சிந்தேஸ் வழியாக விடாமல், சவ்வின் குறுக்கே தானே சுமந்து கடத்திவிடும். அணையில் ஓட்டை விழுந்த மாதிரி. டைபாஸ்பேட் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் எரிபொருள் எரியும், ஆற்றல் முழுக்க வெப்பமாகப் போகும். எடை குறைந்தது உண்மைதான். கூடவே கண்புரை வந்தது, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தும் போனார்கள். அமெரிக்காவில் 1938-இல் மனிதப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பழுப்புக் கொழுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, பச்சிளங்குழந்தைகள் குளிரைத் தாங்குவதே அதனால்தான். ஆனால் அங்கே ஓட்டையைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரு புரதம் இருக்கிறது, அதற்கு நரம்பு வழியே கட்டளையும் போகிறது. வித்தியாசம் அந்தக் கட்டளையில் இருக்கிறது.

ஏடிபி பற்றி இரண்டு பிழைகள்

1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே ஏடிபியைக் கண்டெடுத்தார்கள். 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் 'உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்பு' என்ற சொல்லைப் பிரபலமாக்கினார், அதைக் காட்ட ஒரு நெளிகோடும் போட்டார். அந்த நெளிகோடு செய்த நன்மை பெரிது, விட்டுச்சென்ற குழப்பமும் கொஞ்சநஞ்சமல்ல. பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடப்பதாகவும், உடைத்தால் வெடித்து வெளியே வருவதாகவும் பலர் மனதில் ஒரு படம் பதிந்துபோனது. எந்த வேதிப் பிணைப்பாக இருந்தாலும் உடைக்க ஆற்றல் கொடுத்தாக வேண்டும், ஏடிபிக்கு மட்டும் விலக்கில்லை. நீருடன் வினைபுரிந்து கிடைக்கும் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் ஏடிபியைவிட நிலைத்தன்மை கூடியவை. அருகருகே நெருக்கியடித்துக்கொண்டிருந்த எதிர்மின் (நெகட்டிவ்) மின்னூட்டங்கள் விலகுகின்றன, நீர் மூலக்கூறுகள் அவற்றை நன்றாகச் சூழ்கின்றன. இந்த வித்தியாசம்தான் லாபமாக நிற்கிறது.

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கும். பொருள்கள் எல்லாம் ஒரே செறிவில் இருக்கும் நியமச் சூழலில் ஏடிபி நீராற்பகுப்பில் மோலுக்கு 30.5 கிலோஜூல் கிடைக்கும் என்று படிக்கிறோம். செல்லுக்குள் அது சுமார் 50 கிலோஜூல். மூலக்கூறு அதேதான், எண் மட்டும் ஏன் மாறுகிறது? செல் தன் ஏடிபியை, டைபாஸ்பேட்டோடு ஒப்பிட்டால், சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிடக் கோடிக்கணக்கான மடங்கு உயர்த்தியே வைத்திருக்கிறது. வேலை செய்யும் திறன் அந்த விகிதத்திலிருந்து வருகிறது. ஏடிபி, டைபாஸ்பேட், பாஸ்பேட் மூன்றையும் ஒரு குழாயில் போட்டுச் சமநிலைக்கு வர விட்டுவிட்டால், அதில் ஏடிபி கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் எந்த வேலையும் நடக்காது. உயிரோடிருப்பது என்பதே அந்தச் சமநிலைக்கு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாவது பிழை, ஏடிபியைச் சேமிப்பு என்று எழுதுவது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 2,000 கிலோகலோரி செலவழிக்கும் ஒருவர், அதாவது சுமார் 8,400 கிலோஜூல். அதில் 40 சதவீதம் ஏடிபியாகப் பிடிபடுகிறது என்று வைத்தால் 3,360 கிலோஜூல். மோலுக்கு 50 என்றால் 67 மோல். ஒரு மோல் ஏடிபியின் எடை 507 கிராம். பெருக்கினால் 34 கிலோ! ஒரே நாளில் அவ்வளவு ஏடிபி உருவாகிச் செலவாகிறது. ஆனால் எந்த ஒரு கணத்திலும் உடலில் இருக்கும் மொத்த ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. அப்படியானால் ஒவ்வொரு மூலக்கூறும் நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை உடைந்து மறுபடி சேர்கிறது. பெட்டியில் பூட்டி வைத்த பணம் இப்படிச் சுற்றாது, இது கையில் புரளும் சில்லறை. சேமிப்பு என்றால் அது கிளைக்கோஜனும் (குளுக்கோஸைக் கோத்துச் சேர்த்து வைக்கும் வடிவம்) கொழுப்பும்தான். தசையில் சில வினாடிகளுக்குத் தாங்குகிற கிரியேட்டின் பாஸ்பேட்டும் உண்டு.

ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏடிபி என்று இன்னும் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். புரோட்டான் கணக்கு முழு எண்ணில் அடங்குவதில்லை. இப்போதைய மதிப்பீடு 30 முதல் 32 வரை.

செல்லின் காவலாளி யார்

"ஏடிபி குறைந்தால் செல் அதை உணர்ந்து உற்பத்தியைக் கூட்டும்." இது பாதி சரியான வாக்கியம், அதனாலேயே ஆபத்தானது. ஏடிபி அவ்வளவு எளிதில் குறையவே குறையாது. குறைய விட்டால் அந்த விகிதம் சரிந்து எல்லாம் நின்றுபோகும். மிகக் கொஞ்சமாக மாறும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல காவலுக்கு உதவாது. அதனால் செல் ஏஎம்பியின் மேல் கண் வைக்கிறது. அடினிலேட் கைனேஸ் என்ற நொதி இரண்டு டைபாஸ்பேட்டை எடுத்து ஒரு ஏடிபியாகவும் ஒரு ஏஎம்பியாகவும் மாற்றும். பாடப்புத்தக உதாரணம் ஒன்று: ஏடிபி 5 மில்லிமோலாரிலிருந்து 4.5-க்கு இறங்கும்போது ஏஎம்பி 0.1-லிருந்து 0.6-க்குப் போகலாம். அங்கே பத்து சதவீதச் சரிவு, இங்கே ஆறு மடங்கு ஏற்றம். வீட்டில் தீப்பிடிக்கும் வரை காத்திருக்காமல் புகையைப் பார்த்தே மணியடிப்பது மாதிரி.

இந்த மணியைக் கேட்பவை நிறைய. கிளைக்காலிசிஸில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி ஏஎம்பியைக் கண்டால் முடுக்கப்படும், ஏடிபி மிகுந்தால் அடங்கும். இங்கேதான் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள்: "அந்த நொதிக்கே ஏடிபி தேவையாச்சே, அதிகமானால் வேகம்தானே கூடணும்?" நியாயமான கேள்வி. அந்த நொதியில் ஏடிபிக்கு இரண்டு இருக்கைகள். ஒன்று வினை நடக்கும் இடம், இன்னொன்று கட்டுப்பாட்டு இடம். ஏடிபி எப்போதும் போதுமான அளவு இருப்பதால் முதல் இருக்கைக்குப் பஞ்சமே வருவதில்லை. இரண்டாவது இருக்கையில் அது உட்கார்ந்தால் "போதும், நிறுத்து" என்று பொருள்.

ஏஎம்பி உயரும்போது விழித்துக்கொள்ளும் இன்னொரு நொதி ஏஎம்பிகே. அது செய்யும் காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கொழுப்பின் கதவைத் திறப்பது. கொழுப்பு அமிலம் கட்டப்படுவது சைட்டோபிளாசத்தில், எரிவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். இரண்டும் சேர்ந்து நடந்தால் கட்டியதை அப்படியே எரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைத் தடுப்பது மலோனைல் கோஏ. கொழுப்பு கட்டும் வேலையின் முதல் பொருளே அதுதான். அது இருக்கும் வரை கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசல் மூடியிருக்கும். ஏஎம்பிகே, மலோனைல் கோஏ உருவாக்கும் நொதியை அணைக்கிறது. கட்டுமானம் நிற்கிறது, அதே வீச்சில் வாசலும் திறக்கிறது. ஒரே மூலக்கூறு கட்டுமானப் பொருளாகவும் பூட்டாகவும் இருப்பது அழகில்லையா?

'வேகத்தைக் கட்டுப்படுத்தும் படி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒரு பாதைக்கு ஒரே ஒரு குழாய், அதைத் திருகினால் எல்லாம் மாறும் என்று நினைக்க வைக்கிற சொல் அது. 1980-களில் ஈஸ்டில் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் உட்பட கிளைக்காலிசிஸ் நொதிகளின் அளவைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். ஆல்கஹால் உற்பத்தி வேகம் கூடவில்லை. கட்டுப்பாடு பல படிகளிலும், ஏடிபியைச் செலவழிக்கும் பக்கத்திலும் பரவிக் கிடக்கிறது. மறுபடியும் செலவுதான், பாருங்கள்.

செல்லுக்குச் சொன்னதை உடலுக்குச் சொல்லாதீர்கள்

ஒரு செல் தன் ஏடிபியைத்தான் பார்த்துக்கொள்ளும். முழு உடலுக்கு அது போதாது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வு நேர ஆற்றல் செலவிலோ சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் மொத்தக் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது ஏறத்தாழ 5 கிராம்தான். எந்த உறுப்பு எதை எரிக்கலாம் என்று பங்கிட ஒரு ஏற்பாடு வேண்டும். அந்த வேலைக்கு ஹார்மோன்கள் வருகின்றன, அவற்றோடு புதிய தவறுகளும் வருகின்றன.

முதலாவது, "இன்சுலின் இல்லாவிட்டால் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைய முடியாது." சாவியும் பூட்டும் போட்ட அந்தப் படத்தை எத்தனை இடத்தில் பார்த்திருப்போம்! தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அது பொருந்தும். அங்கே இன்சுலின் சொன்னால் குளுட் 4 என்ற கடத்திகள் செல்லின் உள்ளிருந்து சவ்வுக்கு வருகின்றன. மூளை, சிவப்பணு, கல்லீரல் மூன்றும் குளுக்கோஸை உள்ளே விட இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்றால், நீரிழிவில் வெறும் வயிற்றிலும் சர்க்கரை ஏன் உயர்கிறது என்பது சாவிக் கதையில் விளங்காது. கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. அதை அடக்கி வைப்பது இன்சுலினின் முக்கிய வேலைகளில் ஒன்று. அடக்க ஆள் இல்லாவிட்டால், அல்லது சொல் எடுபடாவிட்டால், யாரும் எதுவும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும்.

இரண்டாவது, தசையின் கிளைக்கோஜன் ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றும் என்பது. தசையில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் இருக்கும் என்பதால் தசைதான் பெரிய கிடங்கு என்று தோன்றும். ஆனால் கிளைக்கோஜன் உடைந்து வரும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி தசையில் இல்லை. பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் வெளியே போக முடியாது. தசையில் வைத்தது தசைக்கே. ஊருக்கெல்லாம் கொடுப்பது கல்லீரல்.

மூன்றாவது, பட்டினியில் கொழுப்பு சர்க்கரையாகி மூளைக்குப் போகிறது என்பது. கொழுப்பு அமிலம் உடைந்து வரும் அசெட்டைல் கோஏவைத் திரும்பக் குளுக்கோஸ் பாதையிலுள்ள பைருவேட் ஆக்க நம்மிடம் வழியில்லை. கிரெப்ஸ் சுழற்சிக்குள் இரண்டு கார்பன் நுழைந்தால் இரண்டு கார்பன் வெளியேறிவிடுகிறது, நிகர லாபம் பூஜ்யம். கொழுப்பின் கிளிசரால் பகுதி மட்டும் கொஞ்சம் குளுக்கோஸ் ஆகலாம். மிச்சத்தைத் தசைப் புரதத்தின் அமினோ அமிலங்களும் லாக்டேட்டும் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) தர வேண்டும். நாள்கள் கூடக் கூட இப்படியே போனால் தசை கரைந்துவிடும் இல்லையா? அதற்குத்தான் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்கிறது. ஜார்ஜ் கேஹிலின் பட்டினி ஆய்வுகள் 1960-களில் காட்டியபடி, சில வாரப் பட்டினியில் மூளை தன் தேவையின் பெரும்பகுதியைக் கீட்டோன்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்தில் கேட்பவை

மறுநாள் தசைவலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பது அழியாவரம் பெற்ற கதை. பயிற்சியில் ஏறிய லாக்டேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொடும். பழக்கமில்லாத சுமையில் தசை நார்களில் ஏற்படும் நுண்சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் அதற்குக் காரணம். லாக்டேட்டைக் குப்பை என்று நினைப்பதும் பிழை. இதயம் அதை விரும்பி எரிக்கும். கல்லீரல் அதை எடுத்துக் குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்பும். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரில் இன்றும் அந்தச் சுழற்சியைப் படிக்கிறோம்.

இருபது நிமிடம் கழித்துத்தான் கொழுப்பு எரியத் தொடங்கும் என்பதும் சுவிட்ச் கற்பனைதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கொழுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. வேகம் கூடக் கூடக் கலவையில் குளுக்கோஸின் பங்கு ஏறும், அவ்வளவே.

முப்பது வயதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் படுத்துவிடும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வில், உடல் அளவையும் கொழுப்பையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயது முதல் 60 வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ மாறாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் இறங்குகிறது. இடுப்பு பெருத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கொழுப்பு போனது எங்கே

எடை குறைந்தவரின் கொழுப்பு எங்கே போயிற்று? 2014-இல் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், பயிற்சியாளர்களிடம் இதைக் கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்ன பதில், "ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிட்டது." அணு அப்படி மறைந்துபோகாது. வேதிவினையில் ஆற்றல் வெளிவந்தாலும் அணுக்கள் அத்தனையும் எங்காவது இருந்தாக வேண்டும். அவர்கள் போட்ட கணக்குப்படி 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. எரிப்பதற்கு உள்ளே இழுத்த ஆக்சிஜன் தனிக்கணக்கு.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு கை உயரும். "அப்போ வேகவேகமா மூச்சு விட்டா எடை குறையுமா?" மூச்சு, இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வெளியே கொண்டுபோகும் வண்டி மட்டும்தான். அதை உருவாக்கும் வேகம் மைட்டோகாண்ட்ரியாவில், டைபாஸ்பேட் எவ்வளவு வருகிறது என்பதில் இருக்கிறது. எழுந்து நடந்தால் அது வரும். உட்கார்ந்த இடத்தில் மூச்சை மட்டும் வேகப்படுத்தினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைதான் சுற்றும்.